ஒற்றை வயரில் எரிந்த விளக்கு

கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். குவெஸ்தூரா பொலிஸ் கந்தோரின் கதவு எட்டு மணிக்குத்தான் திறக்கும். இப்போது மூன்று ஆகப்போகிறது. வரிசைப் பெயர்க் கொப்பி என்னிடம் இருக்கிறது. நாலு மணிக்கு ஒருதரம் பெயர் கூப்பிடுவேன், ஆள் இல்லாவிட்டால் பெயரை வெட்டிவிடுவேன், பிறகு பெர்மெசோ விசா கிடைக்கவில்லை என்று என்னோடு சண்டைக்கு வரக்கூடாது. ஸ்ரீபன், அந்தக் காட்போட் மட்டையில் பாதியை அனிற்றாவுக்குக் கொடு. நிலம் குளிர்ந்து கிடக்கிறது, கால் விறைத்துவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை கோயில் சாப்பாட்டில் ஒருவனைப் பார்த்து எல்லோரும் சிரித்தீர்கள். சோறு போடப் போட வாயைத் திறக்காமல் இருந்தானே... தட்டு நிரம்பி, மேசையில் கொட்டி, அதற்குப் பிறகும் பேசாமல் இருந்தானே. அதிகம் சிரித்தது ஸ்ரீபன்தான். அவன் பெயர் விக்னராஜா. என் சினேகிதி சாம்பவியின் சித்தப்பா மகன். என்னை அக்கா என்பான், அதனால் அவன் என்றே சொல்கிறேன்.

அவனுக்கு நடந்ததைச் சொல்கிறேன். பேய் என்று நான் சொல்லவில்லை. என்னவென்று எனக்குத் தெரியாது.

தொண்ணூற்றைந்தாம் ஆண்டு, மாசி மாதம், ஒரு ஞாயிறு. இரவு பதினொன்றேகால். நகரத்துக்கு வெளியே சியாகுல்லிக்கு ஏறிப் போகும் தெரு... கடைசி பஸ் போய்விட்டது. இரண்டு பக்கமும் கல் மதில், மதிலுக்கு அங்கால் மன்டரின் தோடை மரங்கள். ஒரு விளக்குக் கம்பம் கிடையாது. விக்னராஜா தனியாக நடந்து வருகிறான். ஸ்தாசியோனே சென்ட்ராலே ரயில் நிலையத்துக்குப் பக்கத்து ரெலிபோன் கடையிலிருந்து, ஆட்களைக் களவாக நாடு கடத்திவிடுகிற ஏஜென்சிக்காரனோடு கதைத்துவிட்டு வருகிறான். ஏஜென்சிக்காரன் சொன்னது ஒரே ஒரு வசனம். "உன்ரை தம்பியை வெள்ளிக்கிழமை படகிலை ஏத்தியாச்சு."

தம்பி கஜானன். இருபத்திரண்டு வயது. தாயும் தகப்பனும் போன பிறகு விக்னராஜாவுக்கு இருந்த ஒரே ஆள். ஊரை விட்டு வெளிக்கிட்டு ஏழு மாதம். எந்த நாட்டில் நிற்கிறான், எந்த அறையில் பூட்டி வைத்திருக்கிறார்கள் என்று தெரியாத ஏழு மாதம். விக்னராஜா முதலில் அழுதான், பிறகு ஏசினான், பிறகு ஒன்றும் இல்லை. கேட்டால் ஓம் என்பான், இல்லை என்பான். அவ்வளவுதான்.

அவன் படுத்தது ஒரு வண்டிக்குள். அதையும் சொல்ல வேண்டும். நான் வீட்டு வேலை செய்யும் சின்யோராவுக்குத்தான் அந்தத் தோட்டம். அவளுடைய கணவன் உயிரோடு இருந்தபோது, கடற்கரைக்குக் காரில் கட்டி இழுத்துப்போக ஒரு வண்டியை ஆரிடமோ பழசாக வாங்கியிருக்கிறான். மூடி வைத்தால் வெறும் பெட்டி. கைபிடியைச் சுற்றினால் கூரை மேலே எழும்பும், சுற்றிவரக் கூடாரத் துணி விரியும், இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒவ்வொரு படுக்கையை வெளியே இழுக்கலாம். கணவன் செத்த பிறகு அது மரங்களுக்கு நடுவே கிடந்தது. பழம் ஆய வந்த விக்னராஜாவைச் சின்யோரா அதில் படுக்கச் சொன்னாள். தம்பி வந்தால் அவனும் இருக்கட்டும் என்றாள்.

வலப்பக்கப் படுக்கை இவனுக்கு. இடப்பக்கம் கஜானனுக்கு. நான்தான் அதற்குப் பெட்சீற் விரித்தேன்.

இரண்டு படுக்கைக்கும் மேலே ஒவ்வொரு சின்ன விளக்கு, கார் பற்றரியில் எரிவது. வண்டி வந்த நாளிலிருந்து எலி கடித்தும் ஈரம் பிடித்தும் வயர் எல்லாம் நாசம். விக்னராஜா ஊரில் ரேடியோ திருத்தினவன், கைவேலை நல்லது. ஒரு கிழமையாக இருந்து எல்லாவற்றையும் மாற்றினான். தன் விளக்கு எரிந்தது. கஜானனின் விளக்கு மட்டும் எரியவில்லை.

அந்த ஞாயிறு காலை நான் சாப்பாடு கொண்டு போனேன். ரோச் பிடி அக்கா என்றான், பிடித்தேன். பல்பை மாற்றினான். நல்ல பல்ப். பியூசைப் பார்த்தான். நல்ல பியூஸ். மீற்றரை எடுத்து வைத்தான், விளக்குவரைக்கும் கரண்ட் வருகிறது. ஆனால் எரியவில்லை. அலுத்துப்போய்ப் படுக்கையை உள்ளே தள்ளினான்... பளிச்சென்று எரிந்தது. வெளியே இழுத்தான், அணைந்தது. மறுபடி உள்ளே, எரிந்தது. மறுபடி வெளியே, அணைந்தது.

அப்போதுதான் அவன் முகத்தில் ஏழு மாதத்துக்குப் பிறகு ஒரு சிரிப்பைப் பார்த்தேன்.

"சைக்கிள் புத்தி அக்கா. சைக்கிள் டைனமோவுக்கு ஒரு வயர்தானே. திரும்பிப் போற கரண்ட் சைக்கிள் இரும்பாலை போகும். நானும் பழக்கத்திலை இஞ்சை ஒரு வயரை மட்டும் இழுத்திட்டு, மற்றதைக் கட்டில் இரும்பிலை முடுக்கி விட்டிருக்கிறன். கட்டில் உள்ளை நிண்டால் வண்டி இரும்பிலை முட்டும். வெளியிலை இழுத்தால் பிளாஸ்ரிக் சில்லிலை நிக்குது. பிறகு என்னெண்டு எரியும்?"

எங்கள் ஆட்கள்தான் இப்படிப் பிழைவிடுவார்கள். தொண்ணூறோடு யாழ்ப்பாணத்தில் கரண்ட் நின்றது உங்களுக்குத் தெரியும். சைக்கிளை ஸ்ராண்டில் ஏற்றி, ஒருவர் இருந்து பெடலை உழக்க, மற்றவர்கள் டைனமோக் கரண்டில் ரேடியோச் செய்தி கேட்ட காலம். அவர்கள் வீட்டில் உழக்குகிறவன் கஜானன். அண்ணன் அந்த வெளிச்சத்தில் ரேடியோ திருத்துவான். தாய் நித்திரை என்பதால் கதைக்க முடியாது. அதனால் கால் அலுத்தால் கஜானன் மூன்று தரம் வேகத்தைக் குறைப்பான், வெளிச்சம் மூன்று தரம் மங்கும். காணுமோ, போதுமோ என்று கேட்கிற குறி அது. இன்னும் கொஞ்சம் என்றால் மறுபடி வேகமாக உழக்குவான். காணும் என்று அண்ணன் சொல்லாமல் ஒருநாளும் நிற்பாட்டமாட்டான். ஒருதரம் குதிகாலில் பெடல் வெட்டி இரத்தம் ஓடியும் நிற்பாட்டவில்லையாம்.

இதை எல்லாம் அன்று காலைதான் எனக்குச் சொன்னான். சொல்லிக்கொண்டே கஜானனின் விளக்குக்குப் போன வயரைக் கழற்றி, நுனியை வெறுமனே தொங்கவிட்டான். இரண்டாவது வயர் நாளைக்கு வாங்கி இழுப்பதாகச் சொன்னான். பற்றரியிலும் பலம் இல்லை. அதைத் தூக்கிக்கொண்டு போய், பக்கத்துக் கராச்சில் சார்ஜ் போடக் கொடுத்தோம். நானும் ஒரு பக்கம் பிடித்தேன், இரண்டு நாள் தோள் நொந்தது.

இப்போது கேளுங்கள். இரவு பதினொன்றேகால். தெருவில் இருந்து தோட்டத்துக்குள் திரும்புகிறான்... மரங்களுக்கு நடுவே மஞ்சள் வெளிச்சம். கூடாரத் துணி முழுக்க மஞ்சள்.

கள்ளன் என்று நினைத்தான். கல் ஒன்று எடுத்தான். கிட்டப் போகப் போகச் சத்தம் கேட்டது. கிர்ர்ர்... கிர்ர்ர்... டைனமோத் தலை ரயரில் உரசுகிற சத்தம். மெல்லிய சத்தம், விடாமல். துணியை விலக்கினான். ஒருவரும் இல்லை. சூடேறின றப்பர் மணம். நான் விரித்த பெட்சீற் அப்படியே, ஒரு சுருக்கம் இல்லை. கஜானனின் விளக்கு எரிகிறது. கூடுகிறது... குறைகிறது... கூடுகிறது.

அவன் திருத்துகிறவன் அல்லவா, திருத்துகிறவன் செய்வதைச் செய்தான். பற்றரிப் பெட்டியைத் திறந்தான். வெறும் பெட்டி. பியூசைக் கழற்றினான். எரிந்தது. வயரைக் கையால் தடவிக்கொண்டே போனான், நுனி காலையில் விட்டபடி காற்றில் தொங்கியது. மீற்றரைப் பல்பில் வைத்தான். ஊசி ஐந்து வோல்ற்றுக்கு ஏறியது, ஆறுக்கு ஏறியது, சைக்கிள் டைனமோவின் அளவு, இறங்கியது, மறுபடி ஏறியது. மீற்றரை மடித்து வைத்தான்.

"பயம் வரேல்லையோ தம்பி?" என்று பிறகு கேட்டேன்.

"ஒண்டும் வரேல்லை அக்கா. வரவேணும் எண்டு பாத்துக்கொண்டிருந்தனான். வரேல்லை."

சப்பாத்தோடு தன் படுக்கையில் சரிந்தான். விடிய ஐந்து மணிக்குப் பழம் ஆயப் போக வேண்டும். கண்ணைத் திறந்தபடி கிடந்தான். ஒரு மணி போல வெளிச்சம் மங்கியது. ஒன்று... இரண்டு... மூன்று. அரை நித்திரையில், ஊரில் சொல்வதைப் போலவே சொன்னான்.

"இன்னும் கொஞ்சமடா."

வெளிச்சம் கூடியது. முன்னரைவிடக் கூடியது. அவன் கண்ணை மூடினான்.

பிறகு விழித்தபோது சத்தம் மாறியிருந்தது. கிர்ர்... ஓர் இடைவெளி... கிர்ர்... கனமான எதையோ தள்ளிக்கொண்டு உழக்குகிறவனின் சத்தம். வெளிச்சம் மங்கியது. ஒன்று. நிறைய நேரம் கழித்து, இரண்டு. அதைவிட நிறைய நேரம் கழித்து, மூன்று. கடிகாரத்தைப் பார்த்தான். மூன்றேகால். அவனுக்குப் பாவமாக இருந்ததாம். ஏழு மாதத்தில் முதல்முதல் ஏதோ ஒன்று நெஞ்சுக்குள் அசைந்ததாம், அது பாவம்தானாம். பாவம், கால் நோகும்.

"காணுமடா. நிப்பாட்டு. போய்ப் படு."

வெளிச்சம் உடனே அணையவில்லை. உழக்குவதை விட்ட பிறகும் சில்லுக் கொஞ்ச நேரம் சுற்றும் அல்லவா... அப்படி, ஆறுதலாக, சிவப்பாகி, அணைந்தது. பிறகு இருட்டு. தோட்டத்தில் தவளைச் சத்தம்கூட இல்லை. விக்னராஜா நல்லாக நித்திரை கொண்டான். மாதக்கணக்காக இல்லாத நித்திரை.

திங்கட்கிழமை மரத்துக்குக் கீழே வைத்து எனக்கு இதைச் சொன்னான். நித்திரைக் கண் என்று நான் பகிடி பண்ணினேன். அன்று பின்னேரமே இரண்டாவது வயரை இழுத்தான், பற்றரியைக் கொண்டுவந்து பூட்டினான். படுக்கையை வெளியே இழுத்தாலும் விளக்கு ஒழுங்காக எரிந்தது. இனித் தம்பி எந்த இரவு வந்தாலும் வெளிச்சம் இருக்கும் என்றான். எனக்கும் சந்தோசமாக இருந்தது.

ஒன்பது நாள் கழித்து என் வீட்டுக்கு ரெலிபோன் வந்தது. கஜானன் கடதாசியில் எழுதிக் கூட வந்தவனிடமும் கொடுத்து வைத்திருந்தது என்னுடைய நம்பர். கூப்பிட்டவன் ஸ்ரான்லி என்று ஒரு பெடியன், அதே படகில் வந்தவன், தெற்கே ஏதோ ஓர் ஊர் ஆஸ்பத்திரியிலிருந்து கதைத்தான். நான் ஆளனுப்பி விக்னராஜாவைக் கூப்பிட்டேன். அரை மணித்தியாலத்தில் ஸ்ரான்லி மறுபடி எடுத்தான். விக்னராஜா ரிசீவரைப் பிடித்துக்கொண்டு நின்றான், நான் அவன் காதோடு காதை வைத்துக்கொண்டு நின்றேன்.

ஞாயிறு இரவு படகு கவிழ்ந்தது. பதினொரு மணி இருக்கும். ஒரு பலகை கிடைத்தது, நாலு பேர் பிடித்தார்கள். மூன்று பேருக்குக் கை கால் விறைத்துவிட்டது.

"கஜானன்தான் அண்ணை பின்னாலை நிண்டு பலகையைத் தள்ளினவன். காலை உழக்கிக்கொண்டே நிண்டவன். அவன் தள்ளினதாலைதான் நாங்கள் மூண்டு பேரும் இருக்கிறம்."

விக்னராஜா கேட்டான், "கால் நோகுது எண்டவனோ?"

"இல்லை அண்ணை. உழக்கிறது பழக்கம் எண்டவன்."

 வயருக்குள் இரைச்சலோடு ஸ்ரான்லியின் குரல் மறுபடி வந்தது.

"ஒரு மணி போலை களைச்சுப் போனான். விடு, நாங்கள் பாக்கிறம் எண்டம். இல்லை, அண்ணை இன்னும் கொஞ்சம் எண்டிறார் எண்டு சிரிச்சான். குளிரிலை விசர்க்கதை கதைக்கிறான் எண்டு நினைச்சம். என்ரை மணிக்கூடு ஓடிக்கொண்டிருந்தது அண்ணை, நான் பாத்தனான்... மூண்டேகால். அண்ணை காணுமெண்டிட்டார், படுக்கட்டாம் எண்டான். பலகையை விட்டிட்டான்."

விக்னராஜா அழவில்லை. ரிசீவரை அதன் இடத்தில் வைத்தான். கதிரையில் இருந்தான். எனக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை, சோறு போட்டேன். காணுமோ தம்பி என்று கேட்டேன். வாயைத் திறந்தான்... மூடினான். நான் போட்டுக்கொண்டே இருந்தேன்.

அவ்வளவுதான். இனி ஒருவரும் நேரம் பார்க்க வேண்டாம். அனிற்றா, அந்தப் பிளாஸ்க்கை எடு, எல்லோருக்கும் தேத்தண்ணீர் ஊற்று, விறைக்கிறது. முதலில் ஸ்ரீபனுக்கு.

ஸ்ரீபன்... கோப்பை நிரம்பிவிட்டதே. கையில் வழிகிறதே, சுடவில்லையா? அவளுக்குச் சொல்லேன். ஒரு சொல்தானே.