அப்படியே ஒரு கதவு

"சர்க்கரை இல்லாட்டியும் பரவாயில்லை ஐயா, டீ சூடா இருக்கு, அது போதும். இரண்டு பக்கத்துல முடிச்சுக்கலாம்னு சொன்னீங்க. முடிச்சுக்கலாம். பேசினதுக்கு மேல ஒரு வரி போக மாட்டேன்."

என் வாக்குமூலத்தை நீங்கள் தட்டச்சு செய்யும் வேகத்துக்கு ஏற்றாற்போல் நிறுத்தி நிறுத்திச் சொல்கிறேன். நான் கட்டட மேஸ்திரி. பத்தொன்பது வருஷத்தில் நான் கட்டிய எந்தச் சுவரும் விரிசல் விட்டதில்லை. பல் டாக்டர் வீட்டின் இரண்டாவது மாடியில் ஓர் அறை கட்டித் தருவதாக ஒப்புக்கொண்டேன். நான்கு சுவர், ஒரு கூரை, தெருப் பக்கம் ஒரு ஜன்னல், பூச்சு, வெள்ளை. எல்லாம் ஒரே தாளில், பதின்மூன்று வரி. இருவரும் கையெழுத்துப் போட்டோம். இப்போது உங்கள் மேசையில் பிளாஸ்டிக் உறைக்குள் இருப்பது அந்தத் தாள்தான். ஓரத்தில் இருக்கும் கறை டீ.

டாக்டர் கெட்டவர் இல்லை. அவரிடம் ஒரு சொல் இருந்தது, அவ்வளவுதான். சுவர் இடுப்பளவு எழும்பியபோது, "மேஸ்திரி, அப்படியே ஒரு அலமாரி வச்சிடுங்க. சின்ன வேலைதானே" என்றார். வைத்தேன். அதன் பூச்சு காய்வதற்குள், அப்படியே கீழே மாமியார் குளியலறையில் ஒழுகும் குழாயைப் பார்க்கச் சொன்னார். பார்த்தேன். அந்த மாமியார், அப்படியே பரணில் இருந்த ஏழு பெட்டிகளை இறக்கித் தரச் சொன்னார். இறக்கினேன். ஆறு வாரத்தில் முடிய வேண்டிய வேலை நான்காவது மாதத்தைத் தொட்டது. இடம் கொடுத்தால் மடம் பிடுங்குவார்கள் என்பார்கள். டாக்டர் பிடுங்கவில்லை, மடத்தையும் என்னையே கட்டித் தரச் சொன்னார்.

"முடியாதுன்னு சொல்லுங்களேன். நாலே எழுத்து. வாய் வலிக்குதா என்ன?" என்றாள் என் மனைவி.

வாய் உண்மையிலேயே வலித்தது. கடைவாய்ப் பல். டாக்டரிடமே போனேன், பிடுங்கினார். பஞ்சைக் கடித்தபடி, "பக்கத்துப் பல்லும் கூசுது டாக்டர், அப்படியே அதையும் பாத்துடுங்களேன்" என்றேன்.

கையுறையைக் கழற்றிக்கொண்டே சிரித்தார். "இன்னைக்கு ஒரு பல்லுன்னுதானே பேசினோம்? அதுக்குத் தனியா ஒரு நாள் வாங்க."

அவர் சொன்னது நியாயம். எனக்குக் கோபமே வரவில்லை. இப்படியும் வேலை செய்யலாம் போலிருக்கிறதே என்று ஒரு தெளிவு வந்தது. அன்றிலிருந்து கேட்டதை, கேட்ட அளவுக்கு மட்டும் செய்தேன்.

அந்த வாரமே டாக்டர், "ஜன்னல் வேணாம் மேஸ்திரி. அப்படியே அதைக் கதவாக்கிடுங்க, காத்து நல்லா வரும்" என்றார். பால்கனியைப் பற்றி அவர் பேசவில்லை. நானும் பேசவில்லை. கதவு வைத்தேன். நல்ல கதவு, வெளிப்பக்கமாகத் திறக்கும்.

மரவேலை பார்த்தது என் மனைவியின் தம்பி. அவன்தான் தலையைச் சொறிந்தான்.

"மாமா, கதவுக்கு அந்தப் பக்கம் என்ன?"

"காத்து."

"யாராவது கால வச்சா?"

"அது தாள்ல இல்ல."

"பல்லோட சேத்து உங்களுக்கு வேற எதையோ பிடுங்கிட்டாங்க மாமா" என்று சொல்லிவிட்டு, கதவின் குறுக்கே இரண்டு பலகைகளை அடித்துவிட்டுப் போனான்.

ஒப்படைக்கிற நாள் காலையில் அவற்றைக் கழற்றினேன். பதின்மூன்று வரியிலும் பலகை இல்லை. ஆணி இருந்த துளைகளில் பட்டி வைத்துத் தேய்த்து, மேலே வண்ணமும் பூசினேன். அந்த வீட்டில் யாரும் கேட்காமல் நான் செய்த வேலை அது ஒன்றுதான். தொழில் சுத்தம்.

டாக்டர் வந்தார். சுவரைத் தடவினார். அலமாரியை ஆட்டிப் பார்த்தார். "அப்படியே இன்னொரு தடவை வெள்ளை அடிச்சிடுங்க" என்றார். பிறகு கதவைத் திறந்து, கேட்காததும் அங்கே இருக்கும் என்ற பழைய நம்பிக்கையோடு காலை எடுத்து வைத்தார்.

உடனே விழுந்துவிடவில்லை. வாசற்படியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். எட்டிப் பார்த்தேன். கீழே சிமென்ட் தரை. "மேஸ்திரி, கை குடுங்க" என்றார். முதல் முறையாக 'அப்படியே' சேர்க்காமல் கேட்டார், அதைக் குறித்துக்கொள்ளுங்கள்.

கூடுதல் வேலை எதுவானாலும் எழுத்தில் தர வேண்டும் என்பது பதின்மூன்றாவது வரி. தாளை விரித்தேன். பேனா மூடியையும் நானே கழற்றி, குனிந்து நீட்டினேன். "இங்க ஒரு கையெழுத்து டாக்டர்" என்றேன். அவருக்கு இரண்டு கையும் வேலையாக இருந்தன. காத்திருந்தேன். பொறுமை இல்லாதவன் என்று என்னை யாரும் சொல்ல முடியாது. கொஞ்ச நேரத்தில் இரண்டு கையும் ஓய்ந்தன.

"என்ன சத்தம் அது?" என்று கீழேயிருந்து மாமியார் கேட்டார்.

"வேலை முடிஞ்சிடுச்சும்மா" என்றேன்.

யாரையும் நான் தள்ளவில்லை, ஐயா. ஒப்புக்கொண்டதைச் செய்தேன், ஒப்புக்கொள்ளாததைச் செய்யவில்லை. டாக்டரைப்போல நேரத்துக்கு ஒரு பேச்சுப் பேசுகிறவன் இல்லை நான். சொன்னபடி இரண்டு பக்கம் ஆகிவிட்டது. எங்கே என்று காட்டுங்கள், கையெழுத்துப் போடுகிறேன்.

"ஒண்ணே ஒண்ணு ஐயா. அச்சு எடுக்கறதுக்கு முன்னாடி, அந்தப் பலகையை எடுத்தேன்னு ஒரு வரி வருதே, அப்படியே அதையும் எடுத்துடுங்களேன். சின்ன வேலைதானே."