கண்ணாடி மூடிய கார்

மணி ஏழரை. புக்கிட் ரோத்தானுக்கு உள்ளே, செம்பனைத் தோட்டத்துச் செம்மண் பாதை... தெருவிளக்கு ஒன்றுகூடக் கிடையாது. கொஞ்சம் நெருங்கி உட்காருங்கள். இது நம் தனேஸ்வரியின் அக்காள் நித்தியாவுக்கு நடந்தது. போன வருடம்தான்.

காரை ஓட்டியவன் அவள் புருஷன் சுகுமாரன். பின்சீட்டில் நித்தியா. அவள் தோளில் மூன்று வயது மகள் கவிஷா. வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் ஓடிப்போய், "வாங்க, உள்ள வாங்க" என்று கூப்பிடுகிற பிள்ளை. சுங்கை செம்பிலாங் கடற்கரைக்குப் போய் வந்ததிலிருந்து ஒரு வார்த்தை பேசவில்லை. காய்ச்சல். மருந்து, மாத்திரை, எதற்கும் இறங்கவில்லை. பெற்ற வயிறு என்ன பாடுபடும்?

கடைசியில் பூசாரி சொன்னபடி, பூசணிக்காயைப் பிள்ளையின் தலையைச் சுற்றி, தோட்டத்து முச்சந்தியில் உடைத்தார்கள். "வீடு போய்ச் சேர்ற வரைக்கும் திரும்பிப் பாக்காதீங்க. பாத்தா, அது கூடவே வந்துரும்" என்று சொல்லியிருந்தார் அவர்.

சுகுமாரன் விவரமானவன். பக்கக் கண்ணாடிகளை மடக்கினான். நடுக் கண்ணாடியில் துண்டைச் சுற்றினான். கார் கிளம்பியது...

பின்னால் ஒரு வெளிச்சம்.

காருக்குள் மஞ்சளாகப் பரவியது. கனமான லோரிச் சத்தம். இவன் ஒதுங்கி வழிவிட்டான். அது முந்தவில்லை. இவன் வேகமெடுத்தான்... அதுவும் எடுத்தது. ஹாரன், விடாமல். பிறகு பின்பக்கம் 'டொக்' என்று ஓர் இடி. அணைந்த சுருட்டின் நாற்றம், காருக்குள்ளேயே.

"லோரியாங்க?" நித்தியா பிள்ளையை இறுக்கிக்கொண்டு கேட்டாள்.

"எதுவா இருந்தா என்ன? பாக்காதே லா."

அவள் பார்க்கவில்லை. சத்தியமாகப் பார்க்கவில்லை. முன்சீட்டையே வெறித்தபடி, பிள்ளையின் முதுகைத் தட்டிக்கொண்டே வந்தாள்.

வீடுகள் தொடங்கும் தாமான் முனையில் திரும்பியதும் வெளிச்சம் பட்டென்று அணைந்தது. சத்தமும் நின்றது.

கேட்டைப் பூட்டிவிட்டு சுகுமாரன் அழுதேவிட்டான். "தப்பிச்சோம் லா, நித்தியா." அவள் பிள்ளையின் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள். காய்ச்சல் விட்டிருந்தது. அவளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. சுகுமாரன் கதவைத் திறந்து உள்ளே போக, பிள்ளையைத் தோளில் போட்டபடியே அவளும் பின்னால் நுழைந்தாள்.

அப்போதுதான் கவிஷா பேசினாள். இத்தனை நாள் கழித்து, அம்மாவின் காதோரத்தில், தெளிவாக.

"வாங்க."

நித்தியா அப்படியே நின்றுவிட்டாள். தோளில் கிடக்கிற பிள்ளை எந்தப் பக்கம் பார்க்கும்? வழிநெடுக, பின்கண்ணாடி வழியாக... பிள்ளையின் கண்ணைப் பொத்த இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

மெல்லத் திரும்பினாள். வாசலில் யாரும் இல்லை. கவிஷாவும் கழுத்தைத் திருப்பி, அந்த இடத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"உள்ள வாங்க."

வாசலில் கிடந்த கால்மிதி, யாரோ கால் துடைப்பதுபோல், மெல்ல அசைந்தது.