பதிமூணாம் நம்பர் நட்டு

...பதிமூணே இல்லாம ஒரு கேஜா? நீங்களே சொல்லுங்க தம்பி! அஞ்சு இருக்கு, ஆறு இருக்கு, எட்டு, பத்து, பன்னெண்டு... அதோட தகடு முடிஞ்சுபோச்சு. உள்ளங்கை அகலத்துல ஒரு இரும்புத் தகடு, அதுல கொஞ்சம் ஓட்டை, ஓட்டைக்குப் பக்கத்துல ஒரு நம்பர். இதைக் கையில வெச்சுக்கிட்டா போல்ட்டு, நட்டு, ஸ்க்ரூ எல்லாத்தையும் அளந்துடலாமாம். அளந்து கிழிச்சான்! ...அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் தூக்கிப் பிடிங்க, இறங்குது. ஆங்... அப்படியே. கையை எடுத்துடாதீங்க, கட்டில் மறுபடி படுத்துடும். அந்த மூலைக்கு வாளியைக் கவுத்து முட்டுக் குடுத்திருக்கேன். இந்த மூலைக்கு வாளி இல்ல, அதான் நீங்க.

சுத்தியல்தானே கேட்டு வந்தீங்க? தர்றேன், தர்றேன். புதுசாக் குடி வந்தவங்களுக்கு ஆணி அடிக்காம இருக்க முடியுமா! அது இந்தக் கட்டிலுக்கு அடியிலதான் எங்கயோ கிடக்கு. கட்டில் நின்னாத்தான் குனிஞ்சு எடுக்க முடியும். அதனால உங்க வேலையும் என் வேலையும் ஒண்ணுதான்னு வெச்சுக்கங்க.

மணி என்ன? ...அடக் கடவுளே, வர்ற நேரமாச்சு! யாரா? என் பொண்டாட்டியும் அவ அண்ணனும். கோவிச்சுக்கிட்டு அண்ணன் வீட்டுக்குப் போனவ, இன்னைக்குத்தான் எட்டிப் பாக்கறா. சும்மா இல்ல. அண்ணன் இந்தக் கட்டில்ல உக்காந்து பாப்பானாம். நின்னா அவ இங்க இருப்பாளாம். சாஞ்சா, வந்த வழியே அவன்கூடத் திரும்பிப் போயிடுவாளாம். போன்ல சொல்றா தம்பி! இத்தனை வருஷம் குடித்தனம் பண்ணின புருஷனுக்குக் கட்டில் பரீட்சை!

நியாயத்தை நீங்களே சொல்லுங்க. சுவத்துக்கு வெள்ளையடிக்கணும்னு கட்டிலைக் கழட்டினேன். கால்மாட்டு நட்டு ரெண்டையும் பத்திரமா இருக்கட்டும்னு சட்டைப் பையில போட்டேன். சட்டையைத் துவைச்சது யாரு? அவ! பையைப் பாக்காம யாராவது துவைப்பாங்களா? ...இல்ல, நீங்க அவ பக்கம் பேசாதீங்க. நேத்து வந்தவரு.

சரி, போனது போச்சுன்னு கடைக்குப் போனேன். அளவு எடுக்காமலா போவேன்? போல்ட்டுத் தலையில ஸ்பேனரைப் போட்டுப் பாத்தேன். பதிமூணாம் நம்பர் ஸ்பேனர் கச்சிதமா உக்காந்துச்சு. ஸ்பேனர் பதிமூணுன்னா நட்டும் பதிமூணுதானே? "பதிமூணு நட்டு ரெண்டு குடு"ன்னேன். கடைக்காரன் என்னை ஒரு மாதிரி பாத்துட்டு, "பதிமூணு வராதே பெரியவரே. பன்னெண்டு இருக்கு. போல்ட்டைக் கொண்டு வாங்க, பாத்துத் தர்றேன்"ங்கறான். நான் போல்ட்டைத் தூக்கிக்கிட்டு அவன் முன்னாடி போய் நிக்கணுமாம்! பன்னெண்டே குடுடான்னேன். ஒண்ணுதானே கம்மி.

வீட்டுக்கு வந்து மாட்டினா... போல்ட்டு நட்டுக்குள்ள இந்தப் பக்கம் நுழைஞ்சு அந்தப் பக்கம் கைவீசிக்கிட்டு வெளிய வருது. ...திரும்பப் போறதா? அவன் மூஞ்சியில முழிக்கச் சொல்றீங்களா! பழைய துணியைக் கிழிச்சேன், போல்ட்டைச் சுத்தினேன், பசையைத் தடவினேன், நட்டை அதுமேல அமுக்கினேன். சும்மா சொல்லக்கூடாது, கல்லு மாதிரி நின்னுச்சு. நானும் அவளும் படுத்தோம், எந்திரிச்சோம், ஒரு முனகல் கிடையாது.

அப்பத்தான் இவன், அவ அண்ணன், வந்து சேந்தான்.

இவனைப் பத்திச் சொல்லணுமே... லேத்துப் பட்டறை வெச்சிருக்கான். வெச்சிருந்தா அங்க வெச்சுக்கணும். இங்க வந்தா செருப்பைக் கழட்டறதுக்கு முன்னாடி கதவுக் கீலைப் பாப்பான். குழாய் ஒழுகுதான்னு பாப்பான். நாற்காலியை ஆட்டிப் பாப்பான். சட்டைப் பையிலயே ஒரு ஸ்க்ரூடிரைவர் வெச்சிருப்பான், கேக்காமலே ரெண்டு திருகு திருகுவான். இவளுக்கு அதுல ஒரு பெருமை. "எங்கண்ணன் வந்தா வீடே இறுகிடும்." வீடா இறுகுது? என் கழுத்து இறுகுது! எங்க கல்யாணப் போட்டோவைப் பாருங்க, அதோ சுவத்துல. மாப்பிள்ளை யாருன்னு சொல்லுங்க பாக்கலாம்? ...அவன் இல்ல! அவன் தலைக்குப் பின்னாடி ஒரு காது தெரியுதே, அதான் நான். அன்னைக்கு ஒதுங்காத மனுஷன் தம்பி, இன்னைக்கு வரைக்கும் ஒதுங்கல.

அவன் வந்து, கட்டில்ல உக்காந்து, காப்பி டம்ளரை வாயில வெச்சான். தடால்! கட்டில் படுத்துடுச்சு, காப்பி அவன் மேல, அவன் தரை மேல.

நான் சிரிச்சுட்டேன். அதுக்கு என்ன பண்றது? சிரிப்பு என்ன கேட்டுக்கிட்டா வருது! ...கொஞ்ச நேரம்தான். சரி, கொஞ்சம் அதிக நேரம். கண்ணுல தண்ணி வர்ற வரைக்கும். அவ ஒரே வார்த்தை. "வேணும்னே பண்ணியிருக்கீங்க." நான் வேணும்னே பண்ணுவேனா? அவ்வளவு யோசனை இருந்தா வேற எதுலயாவது பண்ணியிருக்க மாட்டேன்?

அவனாவது திட்டினானா? அதுதான் இல்ல! திட்டியிருந்தா நானும் ரெண்டு திட்டியிருப்பேன், சரியாப் போயிருக்கும். எந்திரிச்சான், அந்தத் துணி சுத்தின நட்டை எடுத்து, சோத்துப் பருக்கையைப் பதம் பாக்கற மாதிரி விரலால அமுக்கிப் பாத்தான். "மாப்ள, தலையை அளந்தீங்களா, தண்டை அளந்தீங்களா?"ன்னு கேட்டான். "தலைக்குத்தான் ஸ்பேனர். நட்டு ஏறுறது தண்டுல. தண்டு எட்டுதான்"னான். அதுவும் எப்படி? மெதுவா! புரியாத குழந்தைக்குச் சொல்ற மாதிரி! என் கட்டிலுக்கு என் வீட்டுக்குள்ளயே வந்து எட்டுங்கறான்!

இன்னைக்குக் காலையில பட்டறை ஆள்கிட்ட இந்தக் கேஜைக் குடுத்தனுப்பியிருக்கான். கூடவே ஒரு காகிதப் பொட்டலம். அதோ உங்க பக்கத்துல, ஜன்னல் மேல. உள்ள எட்டாம் நம்பர் நட்டு ரெண்டு. தொடாதீங்க! நான் பிரிச்சுப் பாத்ததோட சரி. அவன் நட்டுல நிக்கற கட்டில்ல நான் படுக்கணுமா? இதோ இந்த டப்பாவுல எத்தனை காலத்து நட்டு சேத்து வெச்சிருக்கேன், இதுல ஒண்ணு சேராமலா போயிடும்? எனக்குச் சொந்தமானதா ரெண்டே ரெண்டு கிடைச்சாப் போதும்... இருங்க, டப்பாவை வெளிச்சத்துல கொட்டறேன். நான் அந்தப் பக்கம் திரும்பி உக்காந்துக்கறேன், பேசிக்கிட்டே இருங்க.

இது பத்து... இது துரு... இது என்னன்னே தெரியல. போல்ட்டுத் தலையை இந்தக் கேஜுல வெச்சா எந்த ஓட்டையிலயும் நுழைய மாட்டேங்குது பாருங்க. ...தண்டையா? நீங்களும் தண்டுங்கறீங்களா! சரி, உங்க திருப்திக்கு. அஞ்சுல போகல. ஆறுல போகல. எட்டுல... ம்.

ஒண்ணுமில்ல. எட்டுல லேசாத் திருகிப் போகுது. லேசாத்தான். கேஜு அவனோடது இல்லையா, அவனுக்குத்தான் சாதகமாப் பேசும்.

என்ன கேட்டீங்க? ஸ்பேனரா? எந்த ஸ்பேனர்? ...பதிமூணா! பாத்தீங்களா! பாத்தீங்களா தம்பி! உங்க வாயாலயே வந்துடுச்சு, பதிமூணு! இந்தாங்க, பிடிங்க. உங்க தலைமுறைக்கே தெரியுது, அந்த லேத்துக்காரனுக்குத் தெரியல. வரட்டும், அவன் முன்னாடியும் இதையே சொல்லுங்க. இந்த ரெண்டு போல்ட்டும் வேணுமா? வெச்சுக்கங்க. நல்லா அளந்து பாருங்க, அவசரமே இல்ல. நான் இங்க தேடறேன்.

உண்மையைச் சொல்லவா? அவ இல்லாம இந்த வீடு... சமையல் எல்லாம் நானே பண்ணிக்கறேன், அது இல்ல. நான் ஒண்ணு சொன்னா "அப்படி ஒண்ணும் இல்ல"ன்னு எதிர்ல நிக்க ஆள் வேணும்ல? அது இல்லாம நானே பேசி நானே ஜெயிச்சுக்கிட்டு இருக்கேன். ருசியே இல்ல தம்பி. தரையில படுத்தாலும் தூக்கம் வர மாட்டேங்குது. தரை கடினம்னு நினைக்காதீங்க...

என்ன தம்பி, சத்தத்தையே காணோம்? முழங்காலை முட்டுக் குடுத்துக்கிட்டீங்களா? கெட்டிக்காரருதான். ...தம்பி? ...தம்பி!

அட, எங்க போனாரு? கட்டிலை விட்டுட்டா... விட்டுட்டாரு. நிக்குது. நிக்குதே! வாளி ஓரமா இருக்கு, கட்டில் தானா நிக்குது, அடியில கிடந்த சுத்தியலையும் காணோம். என்ன இது... ஐயோ, ஜன்னல் மேல காகிதம் மட்டும் இருக்கு! அடப்பாவி மனுஷா, அவன் நட்டையா போட்டீங்க! படிச்சுப் படிச்சுச் சொன்னேனே! ஸ்பேனரை வேற என் கையாலயே எடுத்துக் குடுத்திருக்கேனே! கழட்டிடறேன். இதோ... ஒரு திருகு, ரெண்டு திருகு, கழண்டு வந்துடும்...

படியில ஆள் வருது.

முன்னாடி வர்றது அவ. ஒவ்வொரு படியிலயும் நின்னு மூச்சு வாங்கறாளே, அவதான். பின்னாடி அவன். கைப்பிடிக் கம்பியை ஆட்டிப் பாத்துக்கிட்டே வருவான்... ஆட்டறான்.

ஒரு நட்டைக் கழட்டற நேரம்தான். கழட்டிட்டா போயிடுவா.

...வா, வா. வாங்க மச்சான். கதவுக் கீல் நல்லாத்தான் இருக்கு, உள்ள வாங்க. கட்டிலா? போட்டாச்சு, எப்பவோ போட்டாச்சு. தண்டை அளந்தேன் மச்சான், கேஜை வெச்சுத்தான் அளந்தேன். எட்டு. பதிமூணுன்னு எவன் சொன்னான்? பதிமூணு ஸ்பேனருக்கு! இதுகூடத் தெரியாதா எனக்கு? உக்காருங்க. நடுவுல உக்காருங்க மச்சான், ஓரத்துல எதுக்கு? ...நான் சிரிக்கல. பாருங்க, வாயை மூடிக்கிட்டேன். ...உக்காந்தாச்சா? இன்னும் நல்லா அழுத்தி... பாத்தியா? ஒரு முனகல் இல்ல.

அப்புறம் என்ன நின்னுக்கிட்டே இருக்கே? கையில அந்தப் பை எதுக்கு? குடு இங்க.