எண்பத்தைந்து அடியில் போட்ட கோடு

1934-ஆம் வருஷம் மே மாதம் 18-ஆம் தேதி, திருச்செங்கோடு சப்-மாஜிஸ்டிரேட்டு அவர்கள் முன்பாகக் கொடுக்கும் வாக்குமூலம்.

என் பெயர் வசந்தாமணி. வயது பதினைந்து. தகப்பனார் ராசப்பக் கவுண்டர், காலமாகிவிட்டார். நானும் என் தாயார் ராமாயியும் மல்லசமுத்திரத்துக்கு அடுத்த ஆலாங்காட்டுத் தோட்டத்தில் என் தாய்மாமன் மருதாசலக் கவுண்டர் வீட்டில் இருந்து வருகிறோம். சேலத்தில் பெண்கள் பள்ளிக்கூட விடுதியில் தங்கி நான்காம் பாரம் படிக்கிறேன். படிக்க வைப்பவர் மாமா. எனக்கு எழுத வருமாகையால் என் கைப்படவே எழுதிக் கொடுக்க அனுமதி கொடுத்திருக்கிறார்கள். மோட்டார் மேஸ்திரி அருணகிரி பிரேக்கைச் சரியாக மாட்டாததால் எங்கள் பண்ணையாள் மாதையன் இறந்துபோனதாகச் சொல்லி, அருணகிரியைக் காவலில் வைத்திருக்கும் வழக்கில் இதை எழுதுகிறேன். மாதையன் என் தகப்பனார் வயதுள்ளவராகையால் அவர் என்றே எழுதுகிறேன். வீட்டில் எங்களுக்கு அப்படிச் சொல்லிப் பழக்கமில்லை.

சென்ற தை மாதம் மாமா எட்டு சிலிண்டர் அமெரிக்க மோட்டார் ஒன்று வாங்கினார். அது எழுபது மைல் வேகம் போகும். ஆனால் பழைய மாடலாகையால் பின்சக்கரம் இரண்டுக்கு மட்டுமே பிரேக் இருந்தது. மாசி மாதம் வாழப்பாடிக்குப் போன இடத்தில் நிறுத்த முடியாமல் ஓர் எருமைக் கன்றை அடித்துவிட்டது. அதன் பிறகு முன்சக்கரங்களுக்கும் பிரேக் போடுவதென்று முடிவு செய்து பம்பாயிலிருந்து சாமான்கள் வரவழைத்தார். மே மாதம் முதல் வாரம் மரப்பெட்டி வந்து சேர்ந்தது. அதில் இங்கிலீஷில் அச்சடித்த சிறு புஸ்தகம் ஒன்றும் இருந்தது. அருணகிரிக்கு இங்கிலீஷ் தெரியாது. விடுமுறைக்கு வந்திருந்த நான் நான்கு நாள் வண்டிக்கொட்டகையில் மணைபோட்டு உட்கார்ந்து அதைத் தமிழில் படித்துச் சொன்னேன். அவர் ஒவ்வொரு வரியையும் இரண்டு தரம் கேட்டுக்கொண்டு பிறகுதான் திருகாணியில் கை வைத்தார். பள்ளிக்கூடத்தில் படித்தது இப்படி ஒரு காரியத்துக்கு ஆகிறதே என்று எனக்கு மிகுந்த சந்தோஷமாக இருந்தது.

காலால் மிதித்தால் சக்கரத்துக்குள் இருக்கும் பட்டை இரும்பு உருளையை அழுத்திப் பிடிக்கும்; அதுதான் பிரேக். புதுப்பட்டை தேய்ந்து படிகிற வரையில் இருநூறு மைலுக்குச் சத்தம் போடும் என்றும், மெதுவாகவே ஓட்ட வேண்டும் என்றும், பட்டையில் எண்ணெய் ஒரு சொட்டும் படக்கூடாது என்றும் புஸ்தகத்தின் ஏழாம் பக்கத்தில் தடித்த எழுத்தில் இருந்தது. இதை நான் மாமாவுக்கும் படித்துக் காட்டினேன். அருணகிரியும் போகும்போது மாமாவிடமும் மாதையனிடமும் தனித்தனியாகச் சொல்லிவிட்டுப் போனார்.

அதன் பிறகு 11-ஆம் தேதி வெள்ளிக்கிழமை மாமா என்னையும் அத்தையையும் ஏற்றிக்கொண்டு திருச்செங்கோட்டுக்குப் போனார். தேர்வீதியில் பிரேக்கை மிதிக்கும்போதெல்லாம் மோட்டார் கத்தியது. கடைக்காரர்கள் வெளியே வந்து பார்த்தார்கள். மாமாவின் சிநேகிதர் சின்னண்ணக் கவுண்டர் அங்கே இருந்தார். அவர் எல்லாரும் கேட்கும்படி, "ஏனுங்க மாப்பிள்ளே, காருன்னு சொல்லிப் பன்னியப் புடிச்சுக் குடுத்துட்டானுங்களா?" என்றார். தேங்காய்க் கடையில் இருந்தவர்கள் சிரித்தார்கள். மாமா அப்படியே மோட்டாரை வீட்டுக்குத் திருப்பிவிட்டார்.

அதன் பிறகு 13-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை காலையில் மாமா, மாட்டு வண்டிகளுக்கு அச்சில் எண்ணெய் போடும் மாதையனைக் கூப்பிட்டு, மோட்டார்ச் சக்கரம் நான்குக்குள்ளும் விளக்கெண்ணெய் ஊற்றச் சொன்னார். நான் பக்கத்தில்தான் இருந்தேன். மாதையன் கொட்டாங்குச்சியைக் கையில் வைத்துக்கொண்டு நின்று, "எசமாங்க, எண்ணெ படப்படாதுன்னு மேஸ்திரி சொன்னாருங்க" என்றார். மாமா, "வண்டி அச்சுக்கு ஆவற எண்ணெ இதுக்கு ஆவாதா? கத்தறதுக்கு எண்ணெதான்டா மருந்து. ஊத்து" என்றார். நான் ஏழாம் பக்கத்தைப் பிரித்துக் காட்டினேன். மாமா பார்க்கவில்லை. மாதையன் தரையில் மல்லாந்து படுத்து நான்கு சக்கரத்துக்குள்ளும் ஊற்றினார். எண்ணெய் அவர் நெற்றியில் வழிந்ததைத் துண்டால் துடைத்துக்கொண்டார். அதன் பிறகு மாமா வாசலுக்குள்ளேயே ஓட்டிப் பார்த்தார். சத்தம் நின்றுவிட்டது. மாமா எல்லாரையும் கூப்பிட்டுக் கேட்கச் சொன்னார்.

அன்று மாலை நான்கு மணிக்குச் சின்னண்ணக் கவுண்டர் வந்தார். இவ்வளவு வேகம் போகிற வண்டி சொன்ன இடத்தில் நிற்குமா என்று பேச்சு வந்தது. மாமா என்னைக் கூப்பிட்டு, புஸ்தகத்தில் எத்தனை அடி என்று போட்டிருக்கிறது என்று கேட்டார். நாற்பது மைல் வேகத்தில் மிதித்தால் எண்பத்தைந்து அடியில் நிற்கும் என்று சொன்னேன். புளியமரத்தருகில் பிரேக்கை மிதிப்பதாகச் சொல்லி, அங்கிருந்து அளந்து கோடு போடச் சொன்னார். நான் பள்ளிக்கூட அடிக்கோலால் ஒரு கயிற்றை அளந்து, ரோட்டுப் புளியமரத்திலிருந்து எண்பத்தைந்து அடி பிடித்துச் சுண்ணாம்பால் கோடு போட்டேன். அந்தக் கணக்கு எண்ணெய் படாத பட்டைக்கு உரியது என்று அப்போதே எனக்குத் தெரியும். கோட்டில் வைக்க மண்பானை ஒன்று கொண்டுவந்திருந்தார்கள். உடைந்தால் பானைதானே என்று இருந்துவிட்டேன்.

அதன் பிறகு மாமா பானையைப் பார்த்துவிட்டு, "பானைய எவன் பாப்பான்? மாதையா, நீ போயி கோட்டுக்கு அந்தாண்ட நில்லு. அசையப்படாது" என்றார். சின்னண்ணக் கவுண்டர், "குடுத்து வெச்சவன்டா நீயி. காரு உனக்குக் கும்புடு போட வருது" என்றார். மாதையனும் சிரித்தார். துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு போய் ரோட்டு நடுவில் கைகட்டி நின்றார். நான் மோட்டார் அருகில் போய், எண்ணெய் ஊற்றியிருக்கிறதே மாமா என்றேன். மாமா, "புஸ்தகத்த மூடு அம்முணி" என்றார். நான் மூடினேன்.

மோட்டார் மேட்டிலிருந்து வந்தது. புளியமரத்தருகில் மாமாவின் முழங்கால் இறங்கியதைப் பார்த்தேன். சத்தமே இல்லை. மோட்டார் கோட்டைத் தாண்டிப் போயிற்று. மாதையன் கடைசி வரையில் கட்டிய கையை எடுக்கவில்லை. இடப்பக்கமோ வலப்பக்கமோ ஓடவில்லை. மறுநாள் விடியற்காலை அதே கயிற்றால் அளந்தேன். கோட்டிலிருந்து மோட்டார் நின்ற இடம் நூற்றிருபது அடி. சக்கரம் இழுத்த தடம் ரோட்டில் எங்கும் இல்லை.

மாமா இறங்கி முதலில் முன்விளக்கைத் தடவிப் பார்த்தார். கண்ணாடி உடையவில்லை. அதன் பிறகுதான் திரும்பி வந்தார். மாதையனுக்கு உயிர் இருந்தது. மோட்டாரில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகலாம் என்று என் தாயார் சொன்னார். மாமா, "சீட்டெல்லாம் நாறிப்போயிரும். வண்டியப் பூட்டுங்க" என்றார். மாடுகள் ஏரிக்கரையில் மேய்ந்துகொண்டிருந்தன. அவற்றைப் பிடித்து வர முக்கால் மணி நேரம் ஆயிற்று. அதுவரையில் மாதையன் மாட்டுக்கொட்டகையில் கயிற்றுக் கட்டிலில் கிடந்தார். மாமா மோட்டாரைக் கொண்டுவந்து பத்தடி தள்ளி நிழலில் நிறுத்தினார். அதற்குள் மாமா மோர் வாங்கிக் குடித்துவிட்டு, மண்ணெண்ணெய் ஊற்றிச் சக்கரங்களைக் கழுவினார். இம்மாதிரி வேலைகளைச் செய்கிறவர் கட்டிலில் கிடந்தபடியால் அவரே கழுவ வேண்டியிருந்தது.

மாதையன் திருச்செங்கோடு போய்ச் சேருமுன் வண்டியிலேயே இறந்தார். கூடப் போன அவர் மனைவி அத்தாயி மறுநாள் என்னிடம் சொன்னது: வழியில் இரண்டு தரம் கண்ணைத் திறந்து, "நானு நவுரல புள்ள. எசமாங்ககிட்டச் சொல்லிப்போடு, நானு நவுரவே இல்லீன்னு" என்றாராம். எசமான் கோபித்துக்கொள்வார் என்று அவருக்கு அப்போதும் பயம் இருந்திருக்கிறது.

அதன் பிறகு 15-ஆம் தேதி அருணகிரியைப் பிடித்துக்கொண்டு போனார்கள். அன்று மாமா என்னை அருகில் உட்காரவைத்து, மாதையன் குறுக்கே ஓடி வந்ததாகவும் மேஸ்திரி மாட்டிய பிரேக் பிடிக்கவில்லை என்றும் சொல்லச் சொல்லி, மூன்று தரம் திருப்பிச் சொல்லவைத்தார். பாடம் ஒப்பிப்பதுபோல் ஒப்பித்தேன். "பாத்தியா, கெட்டிக்காரி. உன்ன மெட்ராஸ் காலேசுக்கே அனுப்பறேன் சாமி" என்று என் தலையைத் தடவினார். அந்தக் கையில் மண்ணெண்ணெய் வாடை போகவில்லை. அன்றைக்கு இரண்டு தரம் தலை முழுகினேன்.

எண்ணெய் ஊற்றிய கொட்டாங்குச்சியை வைக்கோற்போரில் மறைத்து வைத்திருந்தேன். அதையும், புஸ்தகத்தையும், அளந்த கயிற்றையும் இத்துடன் ஒப்படைக்கிறேன். அருணகிரி செய்த வேலையில் குற்றமில்லை. புஸ்தகத்தில் சொல்லியபடியே ஒவ்வொன்றையும் செய்தார் என்பதற்கு, படித்துச் சொன்ன நானே சாட்சி. நானும் என் தாயாரும் இனி ஆலாங்காட்டுத் தோட்டத்துக்குத் திரும்பப் போவதில்லை. தாயார் வெளியே மூட்டையுடன் உட்கார்ந்திருக்கிறார்.

எழுதியதைக் குமாஸ்தா உரக்கப் படித்துக் காட்டினார். கோடு போட்டது சிறு பெண் என்பதால் அதை எடுத்துவிடலாமே, வழக்குக்கு அது அவசியமில்லை என்றார். எடுக்க வேண்டாம். எண்பத்தைந்து அடி என்று சொன்னதும் நான்தான், அளந்ததும் நான்தான். மாதையன் நின்றது நான் போட்ட கோட்டில்.

இதில் உள்ளவை நான் பார்த்தவையும், அத்தாயி என்னிடம் சொன்னதும் மட்டுமே. எழுதியது எதுவும் ஒருவர் சொல்லிக்கொடுத்ததல்ல. சொல்லிக்கொடுத்ததை எழுதவில்லை.

(ஒப்பம்) ரா. வசந்தாமணி