நாளைக்கு எங்க பாடு

பிப்ரவரி பதினொன்றாம் தேதி, மாலை ஐந்தரை மணி. பொன்னேரிக் கல்லூரியிலிருந்து நான் பழவேற்காடு வந்த பேருந்தில், மீன் விற்றுத் திரும்பும் இரு பெண்கள் என் முன்னிருக்கையில் அமர்ந்திருந்தனர். இளையவள் திடீரென்று சொன்னாள்:

“என் வலையில இன்னா ராக்கெட்டா மாட்டப் போவுது?”

“யாராண்ட கேட்ட?” என்றாள் மூத்தவள்.

“துப்பாக்கி வச்சுக்கினு கரையில நிக்கிறானே, அவன்கிட்டதான். ராக்கெட்டு வுடுற எடத்துல நாளைக்குப் பாதுகாப்பு ஒத்திகையாம், ஏரியில யாரும் எறங்கக் கூடாதாம். நாளைக்கு எங்க பாடு சார்னேன். யாருக்குத்தாம்மா பாடு இல்லன்னு சிரிக்கிறான்.”

ஏரியில் வலைவிடும் இடத்தையும் நாளையும் குடும்பங்களுக்கு முறைவைத்து ஒதுக்குவதை இப்பக்கத்தில் பாடு என்பார்கள். காவலர் அதைத் துன்பம் என்று புரிந்துகொண்டிருக்கிறார்.

“நாளு தப்பினா அடுத்த சுத்துதானடி?” என்றாள் மூத்தவள்.

“ஆமாக்கா. அதுவரைக்கும் எங்க ஊட்டுக்காரரு வலைய தலைக்கு வச்சுப் படுத்துக்க வேண்டியதுதான்.”

“ஊர்ல சொல்லி ஒருநாள் தள்ளி வாங்கேன்.”

“தள்ளினா அன்னிக்கு யார் பாட்டுல கை வைக்கிறது? உன்னுதுலதானக்கா?”

மூத்தவள் அவள் பக்கம் திரும்பினாள்.

“என் பாட்டுல ரெண்டு ஊட்டு ஆம்பளைங்களும் சேந்தே வலை வுடட்டும். வர்றதுல பாதி உனக்கு.”

“ஊர் ஒத்துக்குமா?”

“ஒத்துக்காதவன அந்தத் துப்பாக்கிக்காரன்கிட்ட அனுப்புடி. பாடுன்னா இன்னான்னு அவன் சொல்லுவான்.”

இருவரும் சிரித்தனர்.

மறுநாள் காலை கல்லூரிக்குப் புறப்படுமுன் ஏரிக்கரைவரை நடந்தேன். பாதையின் குறுக்கே கயிறு கட்டியிருந்தார்கள். படகுகள் எல்லாம் கரையிலேயே கிடந்தன. பேருந்துக்கு நேரமாகிவிட்டதால் திரும்பினேன்.