பின் சீற்றில் அறுபத்திரண்டு கிலோ

ஸ்கூட்டர் வாங்குகிறவர்கள் நிறத்தைப் பார்ப்பார்கள். ஒரு லீற்றருக்கு எவ்வளவு தூரம் ஓடும் என்று கேட்பார்கள். சீற்றைத் திறந்து, ஹெல்மெட் வைக்க இடமிருக்கிறதா என்று பார்ப்பார்கள். பின் சொக் அப்சோபரைக் குனிந்து பார்த்த ஒருவரை நான் இன்னும் காணவில்லை. முதுகு நோகத் தொடங்கிய பிறகுதான் என்னிடம் வருவார்கள்.

வேலணையில் பதினெட்டு வருடமாகக் கராஜ் வைத்திருக்கிறேன், ஐயா. நீங்கள் யாரிடமும் விசாரிக்கலாம். கையைச் சவர்க்காரம் போட்டுக் கழுவாமல் ஒருவருடைய சீற்றைத் தொடமாட்டேன். கழற்றிய போல்ட்டைத் துடைக்காமல் திரும்பப் பூட்டமாட்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், கவலையீனமாகச் செய்த வேலை என்று நீங்கள் எழுதிவிடக் கூடாது. என் வேலையில் பிழை வருவதில்லை.

வைத்திலிங்கம் முதன்முதலாக வந்தது மாசி மாதத்தில். புங்குடுதீவுக்காரர். தகப்பன் காலத்திலிருந்து தெற்கே காலி நகரத்தில் கடை வைத்திருந்த குடும்பம். மனைவி செத்த பிறகு கடையை விட்டுவிட்டு ஊருக்கு வந்து, பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்து இருந்தார். ஐம்பத்தேழு வயது. ஒல்லியான ஆள். கனடாவில் இருக்கிற மகள் வாங்கிக் கொடுத்த பெரிய ஸ்கூட்டர் ஒன்று வைத்திருந்தார். அகலமான சீற், காலை முன்னுக்கு நீட்டி இருக்கலாம், நல்ல பாரமான வண்டி. அவருக்கு அது பெரிது. கதைக்கும்போது தொண்டையைக் காறிக்காறிக் கதைப்பார். காறியதைத் துப்பமாட்டார், விழுங்குவார். ஒவ்வொரு தடவையும் அது இறங்குவதை அவர் கழுத்தில் பார்க்கலாம்.

பின்னால் ஒருவரை ஏற்றினால் வண்டி அடிக்கிறது, பின்னால் இருப்பவருக்கு முதுகு நோகிறதாம் என்றார். நான் சீற்றை அழுத்திப் பார்த்தேன். வண்டியோடு வந்த சொக், கொழும்பு றோட்டுக்குச் செய்தது. இந்தத் தீவு றோட்டுக்கு ஏலாது. வேறு நல்ல சோடி இருக்கிறது, கொழும்பில் சொல்லி எடுப்பிக்கலாம் என்றேன். பாரத்துக்கு ஏற்ற ஸ்பிரிங் வேண்டும் என்பதால், பின்னால் இருப்பவர் எத்தனை கிலோ என்று கேட்டேன். அவர் சிரித்தார்.

"அதை நான் எப்பிடித் தம்பி கேக்கிறது? ஒரு அறுவது வருமெண்டு எழுதும்."

அன்று இரவுச் சாப்பாட்டுக்கு அக்கா கதிரையில் இருக்கும்போது இடுப்பைப் பிடித்துக்கொண்டு மெதுவாக இருந்தாள். குசினியில் தைலப் போத்தல் திறந்திருந்தது. கிளினிக் கொப்பியில் அக்காவின் நிறையை மாதாமாதம் நான்தான் பார்ப்பேன். அறுபது அல்ல, அறுபத்திரண்டு.

அக்காவைப் பற்றி நீங்கள் அறிந்திருக்க வேண்டும். பெயர் மனோகரி. கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. இடம்பெயர்ந்து இருந்த காலத்தில் அம்மா காய்ச்சலில் போனபோது எனக்குப் பதினொரு வயது, அக்காவுக்குப் பதினெட்டு. அதற்குப் பிறகு அக்காவுக்கு நான், எனக்கு அக்கா. நான் கலியாணம் கட்டவில்லை. அக்காவும் கட்டவில்லை. அக்காவுக்கு விருப்பமில்லை என்று ஊரில் சொல்வார்கள். இரண்டு தரம் நல்ல இடங்கள் வந்தன. தரகர் சிவபாதத்திடம் நான்தான் தனியாகப் போய், அக்காவுக்குச் சின்ன வயதிலிருந்து வலிப்பு இருக்கிறது என்று சொன்னேன். அப்படி ஒன்றும் இல்லை. ஆனால் அந்த இரண்டு மாப்பிள்ளைகளையும் நான் பார்த்தேன். ஒருவருக்கு நகத்துக்குள் ஊத்தை. மற்றவர் சாப்பிடும்போது வாயைத் திறந்து மெல்லுவார். அக்கா அதையெல்லாம் கவனிக்கிற ஆள் இல்லை. கவனிக்க ஒருவர் வேண்டும்.

புதுச் சொக் வந்தது. நல்ல சாமான். அதில் இரண்டு விஷயம் இருக்கிறது, ஐயா. வெளியே தெரிகிற ஸ்பிரிங் பாரத்தைத் தாங்கும். உள்ளே குழாயில் இருக்கிற ஒயில், ஸ்பிரிங்கை அடக்கும். ஒயில் இல்லாவிட்டால் பள்ளத்தில் இறங்கிய ஸ்பிரிங் துள்ளி எழும்பும், திரும்ப இறங்கும், திரும்ப எழும்பும், நிற்காது. இது விளங்கினால் மிச்சம் எல்லாம் உங்களுக்கு விளங்கும்.

அந்தத் தடவை நான் அதை ஒழுங்காகத்தான் பூட்டினேன். ஓடிப் பார்க்க அக்காவையே பின்னால் ஏற்றினேன். வங்களாவடிச் சந்தி வரைக்கும் போய் வந்தோம். பள்ளங்களில் வண்டி தண்ணீரில் போவது போல் போனது. அக்கா பின்னாலிருக்கிற கம்பியைப் பிடித்துக்கொண்டு இருந்தாள். இறங்கி, "நல்லாச் செய்திருக்கிறாய் தம்பி," என்றாள். அவ்வளவு நேரமும் யாருடைய வண்டி என்று அவளும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

அடுத்த கிழமை அவர்கள் இருவரும் கராஜைத் தாண்டிப் போனதைப் பார்த்தேன். கம்பி அதே இடத்தில் இருந்தது. அக்காவின் கை அதில் இல்லை. அவருடைய வயிற்றில், சட்டைக்கு மேலே, விரல்களை விரித்து வைத்திருந்தாள். வியர்வையில் அந்தச் சட்டை ஒட்டியிருந்தது. நான் ஒரு பிரேக் வேலை செய்துகொண்டிருந்தேன். எழும்பிப் போய்ப் பின்பக்கத்தில் வாந்தி எடுத்தேன். பிறகு கையைக் கழுவிவிட்டு அந்த வேலையை முடித்தேன்.

சித்திரையில் அக்கா அவரை வீட்டுக்குச் சாப்பிடக் கூப்பிட்டாள். நண்டுக்கறி. அவர் ஒவ்வொரு காலாக எடுத்து, கடித்து, உறிஞ்சி, கோதை மேசையில் துப்பினார். குழம்பு முழங்கை வரைக்கும் வடிந்தது. அதையும் நக்கினார். அக்கா பார்த்துக்கொண்டிருந்தாள், முகம் முழுக்கச் சிரிப்பு. பிறகு தன் சீலைத் தலைப்பால் அவர் தாடையைத் துடைத்துவிட்டாள். எனக்கு ஒரு நாளும் அக்கா அப்படித் துடைத்ததில்லை. நான் ஒரு நாளும் சிந்திச் சாப்பிட்டதில்லை.

அவர் போன பிறகு அக்கா என்னிடம் கதைத்தாள்.

"தம்பி, எனக்கு அம்பத்தொண்டாகுது. அவர் நல்ல மனிசன். ஆவணியில கலியாணம் எழுதுவம் எண்டு கேக்கிறார். நீ என்ன சொல்லுறாய்?"

"உங்களுக்குப் பிடிச்சிருக்கோ?"

"ஓம்," என்றாள். "என்னைச் சிரிக்கப் பண்ணுறார். நீயும் நானும் சிரிச்சு எவ்வளவு காலம்?"

நல்லது, எழுதுங்கோ என்றேன். அக்கா அழுதாள். அவர் சாப்பிட்ட கோப்பையை நான் வளவுக்குள் கொண்டுபோய்ப் புதைத்தேன்.

ஆனி மாதத்தில் அவர் வண்டியைச் சேவிசுக்குக் கொண்டுவந்தார். கலியாணத்துக்கு முன் எல்லாம் சரிபார்த்துத் தரச் சொன்னார். மூன்று நாள் விட்டுவிட்டுப் போனார். கம்பியின் இடுக்கில் அக்காவின் தலைமயிர் ஒன்று சுற்றியிருந்தது. சீற் முழுவதையும் பெற்றோலால் துடைத்தேன். அப்படியும் அந்தத் தைல மணம் போகவில்லை. இரண்டு பேரின் மணமும் கலந்து ஒரு புளித்த மணம் வந்தது. பிறகு சொக் இரண்டையும் கழற்றி ஒயிலை வடித்தேன். குழாயைச் சுத்தமாகத் துடைத்து, வெறுமையாகப் பூட்டினேன். வெளியே பார்த்தால் ஒரு வித்தியாசமும் தெரியாது.

அவர் எடுக்க வந்தபோது ஏறி இருந்து இரண்டு தரம் அசைத்துப் பார்த்தார். அவருடைய பாரத்துக்கு அது மெதுவாகத்தான் ஆடும்.

"மெத்தை மாதிரிக் கிடக்குதடாப்பா. அவவை ஏத்தினாலும் இப்பிடி இருக்குமோ?"

"இருக்கும் அண்ணை. ஆமை மாதிரி உருட்டாதேங்கோ. அம்பதில விட்டாத்தான் பள்ளம் தெரியாது," என்றேன்.

என் கையைப் பிடித்து நன்றி சொன்னார். உள்ளங்கை ஈரமாக இருந்தது.

வெள்ளிக்கிழமைகளில் அவர்கள் நயினாதீவு அம்மனுக்குப் போவார்கள். அவர் புங்குடுதீவிலிருந்து கடலுக்குக் குறுக்கே போட்ட தாம்போதி றோட்டால் வந்து அக்காவை ஏற்றிக்கொண்டு, அதே தாம்போதியால் திரும்பிக் குறிகாட்டுவானுக்குப் போய், வள்ளம் எடுப்பார். அந்த வெள்ளி காலை சோளகம் பலமாக வீசியது. அக்கா படலையில் நின்று என்னைப் பார்த்தாள்.

"காத்தடிக்குது தம்பி. பஸ்சில போகட்டோ?"

அக்கா எப்போதும் வண்டி விஷயத்தில் என் சொல்லைத்தான் கேட்பாள்.

"வண்டி நல்லா இருக்கு அக்கா. போட்டு வாங்கோ," என்றேன்.

தாம்போதியில் இரண்டு பக்கமும் கடல். நடுவில் ஒரு இடத்தில் றோட்டு அலையலையாக இறங்கியிருக்கும். அங்கேதான் நடந்தது. பின்சில்லு துள்ளத் தொடங்கியதும் அவர் பிரேக்கை முழுதாகப் பிடித்திருக்கிறார். வண்டி காற்றுக்குச் சரிந்து கரைக் கல்லில் அடித்தது. அவருக்குத் தோள் எலும்பு முறிந்தது. அக்காவின் தலை கல்லில். நான் ஓட்டோவில் போய்ச் சேர்ந்தபோது அவர் அக்காவை மடியில் வைத்துக்கொண்டு இருந்தார். அவருடைய எச்சிலும் கண்ணீரும் அக்காவின் நெற்றியில் விழுந்தன. முதலில் நான் செய்தது, என் லேஞ்சியை எடுத்து அதைத் துடைத்ததுதான்.

வாகனப் பரிசோதகர் வந்தார். பிரேக் பார்த்தார், ரயர் பார்த்தார், ஹாண்டில் திருப்பிப் பார்த்தார். எல்லாம் சரி என்று எழுதினார். எல்லாம் சரிதான். வண்டி உங்கள் வளவில்தான் நிற்கிறது. ஒருவரைப் பின் சீற்றில் இருத்தி ஒரு தரம் அமத்தச் சொல்லுங்கள். நான் சொல்வது பொய்யா என்று தெரியும்.

இப்போது ஏன் வந்து சொல்கிறாய் என்று கேட்டீர்கள். ஒரு குற்றமற்ற மனிதர் தண்டனை பெறக் கூடாது என்பதற்காக என்று முதலில் சொன்னேன். அது நியாயமான காரணம், அப்படியே எழுதியிருப்பீர்கள். ஆனால் முழுதாகச் சொல்வதென்று வந்த பிறகு முழுதாகச் சொல்வதே நல்லது.

அக்காவின் முப்பத்தொன்றாம் நாள் கிரியைக்கு அவர் வீட்டுக்கு வந்தார். கையைத் தூக்கிக் கட்டியிருந்தது. அக்காவின் படத்துக்கு முன்னால் விழுந்து அழுதார். மூக்கு வடிந்தது, துடைக்கவில்லை. எழும்பி வந்து ஒற்றைக் கையால் என்னைக் கட்டிப்பிடித்து, முகத்தை என் தோளில் வைத்தார். கவனமில்லாமல் ஓட்டியதாகப் போட்ட வழக்கில் குற்றத்தை ஒப்புக்கொள்ளப்போவதாகச் சொன்னார். சட்டத்தரணி வேண்டாமாம். மகள் கூப்பிட்டும் கனடாவுக்குப் போகப்போவதில்லையாம்.

"நான்தான் தம்பி அவவைக் கொண்டனான். அவவின்ர உயிர் என்ர கையாலதான் போனது. நான் சாகுமட்டும் அது என்னோட இருக்கும்."

அவர் முகம் பட்ட என் சட்டையை எரித்துவிட்டேன். ஆனால் அந்தச் சொல் போகவில்லை. கோயிலடியிலும் கடையிலும் அதையே சொல்லித் திரிகிறார். சனம் அவரைப் பார்த்துப் பரிதாபப்படுகிறது. அக்காவின் பேச்சு வந்தால் பக்கத்தில் அவர் பேச்சு வருகிறது. செத்த பிறகும் அக்காவைப் பின்னால் ஏற்றிக்கொண்டு திரிகிற மாதிரி இருக்கிறது.

அவரைக் கொல்லத்தான் செய்தாய், அக்கா தவறிச் செத்துப்போனாள், அப்படித்தானே என்று நீங்கள் கேட்கிறீர்கள். எனக்கு உதவுவதற்காகக் கேட்கிறீர்கள் என்று விளங்குகிறது. நானும் சில நாள் அப்படி நினைத்துப் பார்த்தேன். அது சரிவரவில்லை. அவர் அந்த வண்டியில் தனியாக ஆறு நாள் ஓடினார். அன்று காலையும் அதே தாம்போதியால் தனியாகத்தான் வந்தார். ஒன்றும் நடக்கவில்லை. நடக்காது என்று எனக்குத் தெரியும். ஓடிப் பார்க்காமல் நான் ஒரு வண்டியையும் திருப்பிக் கொடுப்பதில்லை, ஐயா. ஒயிலை வடித்த அடுத்த நாள் காலையில் அதைத் தாம்போதிக்குக் கொண்டுபோனேன். தனியாக ஓடியபோது சமாளித்தது. பிறகு பின் சீற்றில் ஐம்பது கிலோ சீமெந்து மூட்டை ஒன்றைக் கட்டி, மேலே பன்னிரண்டு கிலோ மணலையும் தராசில் நிறுத்து வைத்து ஓடினேன். நாற்பதில் ஆடியது. ஐம்பதில் பின்சில்லு றோட்டை விட்டது. நான் எதிர்பார்த்திருந்ததால் விழவில்லை. வீட்டுக்கு வந்து குளித்துவிட்டு, அக்கா அவித்த புட்டைச் சாப்பிட்டேன்.

ஆகவே இதில் தவறி நடந்தது ஒன்றும் இல்லை. அக்கா கெட்டுப்போகத் தொடங்கியிருந்தாள். இன்னும் இரண்டு மாதத்தில் அந்த மனிதரின் வீட்டில், அந்த மனிதரின் கட்டிலில் இருந்திருப்பாள். அதற்கு முன் நான் அவளைக் காப்பாற்றினேன். சுத்தமாகச் செய்தேன்.

வாக்குமூலத்தை வாசித்துக் காட்டுங்கள், கையெழுத்து வைக்கிறேன். ஒரு சின்னத் திருத்தம் மட்டும் செய்ய வேண்டும். மூன்றாவது வரியில் அக்காவின் பெயரையும் அவருடைய பெயரையும் பக்கத்தில் பக்கத்தில் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து அதை வெட்டிவிட்டு, அக்காவின் பெயருக்குப் பக்கத்தில் என் பெயரை எழுதுங்கள்.