ஊசிமுனைத் துளை

புல்வெட்டும் வண்டியைப் பார்த்தால் எல்லோரும் பிளேடுக்குத்தான் பயப்படுவார்கள். பட்டறைக்கு விசாரணைக்கு வந்த அன்று நீங்களும் பிளேடைத்தான் குனிந்து பார்த்தீர்கள், ஐயா. பத்தொன்பது வருடமாக இந்த விளையாட்டு மைதானத்தின் வண்டிகளைப் பராமரிக்கிற எனக்குப் பயமெல்லாம் ஹைட்ராலிக் ஹோஸ் மேல்தான். விரல் தடிமனில் ஒரு கறுப்புக் குழாய். அதற்குள் ஓடும் ஆயிலின் அழுத்தம்தான் அவ்வளவு கனமான வெட்டுப்பகுதியை மேலே தூக்குகிறது. ஹோஸில் ஊசிமுனை அளவு ஓட்டை விழுந்தால் போதும், ஆயில் கண்ணுக்குத் தெரியாமல் பீய்ச்சும். அங்கே கையை வைத்தால் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.

அதனால் எனக்கென்று ஒரு முறை உண்டு. வெட்டுப்பகுதியைத் தரையில் இறக்கி, என்ஜினை நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, லிவரை முன்னும் பின்னும் ஆட்டி அழுத்தத்தை இறக்கிய பிறகுதான் எதையும் தொடுவேன். கசிவைத் தேடும்போது மட்டும் என்ஜின் ஓட வேண்டும். அப்போது தள்ளி நின்றுகொண்டு நீளமான அட்டை ஒன்றை ஹோஸ் ஓரமாக நகர்த்துவேன். அட்டை நனைந்த இடத்தில் ஓட்டை இருக்கும்.

என் தங்கை வீட்டுக்காரரை இங்கே வேலைக்குச் சேர்த்ததே நான்தான். கெட்டிக்காரர், கலகலப்பானவர். ஆறே வருடத்தில் எனக்கு மேலே மேற்பார்வையாளர் ஆகிவிட்டார். அதில் எனக்கு வருத்தம் இல்லை. ஆனால் ஒருநாள் எல்லோர் முன்னாலும் என் அட்டையை எடுத்து விசிறிக்கொண்டே, மச்சான் இருக்கும்போது பட்டறைக்கு ஃபேன் எதற்கு என்றார். எல்லோரும் சிரித்தார்கள், நானும் சிரித்து வைத்தேன். அன்றிலிருந்து நான் அட்டை மெக்கானிக். அடுத்த வாரம் சாப்பிட உட்கார்ந்தபோது என் தங்கையே அந்தப் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் குழம்பு ஊற்றினாள். அது வலித்தது, மறைக்க மாட்டேன்.

அந்தத் திங்கட்கிழமை காலை ஒன்பது மணி. பெரிய வண்டியின் இடது பக்கம் ஆயில் ஈரம் தெரிந்தது. நான் சீட்டில் உட்கார்ந்து என்ஜினைப் போட்டேன். அவர் கீழே குனிந்தார்.

"கொஞ்சம் ரேஸ் பண்ணுங்க மச்சான். கையிலயே தடவிப் பாத்துடறேன்."

வேண்டாம் என்று சொல்ல ஒரு நொடி போதும். அந்த நொடி என்னிடம் இருந்தது. நான் ஆக்சிலேட்டரைக் கூட்டினேன்.

சுருக்கென்று இருந்தது என்று கையை உதறினார். ஆள்காட்டி விரலில் ஒரு புள்ளி. சொட்டு ரத்தம் இல்லை. இந்த முறை அவர் சிரிக்கவில்லை, என் முகத்தைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்குப் போகணுமா மச்சான்? உங்களுக்குத்தானே இதெல்லாம் தெரியும்."

உண்மைதான். அந்தப் பட்டறையில் இதற்குப் பயிற்சி எடுத்தவன் நான் ஒருவன்தான். வலி இல்லாவிட்டாலும் உடனே ஓட வேண்டும், சில மணி நேரத்துக்குள் கீறி ஆயிலை வெளியேற்றாவிட்டால் கையை மறந்துவிட வேண்டியதுதான் என்று படம் காட்டிச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள்.

"முள்ளு குத்தின மாதிரிதான் மாப்ள. சோப்புப் போட்டுக் கழுவுங்க, சரியாயிடும்."

பதினொரு மணிக்கு விரல் மடங்கவில்லை. ஒரு மணிக்கு உள்ளங்கை உப்பிவிட்டதால் இடது கையால் ஸ்பூனைப் பிடித்துச் சாப்பிட்டார். வலி மாத்திரை கொடுத்தேன். மூன்று மணிக்குத் தங்கை போனில் பதறினாள், ஐஸ் வைத்தால் வற்றிவிடும் என்றேன். அன்று பட்டறைக் கடிகாரத்தை நான் பார்த்த அளவுக்கு வேறு யாரும் பார்த்திருக்க மாட்டார்கள். ஐந்து மணிக்கு விரல் வெளிறிப் போனது. நானேதான் பைக்கில் பின்னால் உட்காரவைத்து ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனேன். என்ன குத்தியது என்று டாக்டர் கேட்டார். மாப்பிள்ளை வாயைத் திறப்பதற்குள், கம்பி என்றேன். ஊசி போட்டு வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

மறுநாள் வேறொரு டாக்டர் கீறிப் பார்த்தபோது மணிக்கட்டு தாண்டி ஆயில் இருந்தது. முழங்கைக்குக் கீழே எடுத்துவிட்டார்கள். வலது கை.

இதுவரை நான் வாய் திறக்காமல்தான் இருந்தேன். அப்படியே இருந்திருப்பேன். நேற்று நீங்கள் எல்லோரையும் உட்காரவைத்து அறிக்கையைப் படித்தீர்கள். உடனிருந்த மெக்கானிக்குக் காயத்தின் அபாயம் பற்றிப் போதிய அறிவு இல்லை என்று ஒரு வரி. மாப்பிள்ளை கட்டுப்போட்ட கையோடு எனக்காகப் பரிந்து பேசினார். அவருக்குத் துணையாக வந்திருந்த என் தங்கை கண்ணைத் துடைத்துக்கொண்டு, "பாவம் சார், அண்ணனுக்கு என்ன தெரியும்?" என்றாள். யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

ஒவ்வொரு மணி நேரத்திலும் அந்தக் கைக்குள் என்ன நடந்துகொண்டிருந்தது என்று எனக்கு அத்துப்படி, ஐயா. தெரிந்தேதான் செய்தேன். எந்தத் தண்டனை வேண்டுமானாலும் கொடுங்கள், ஆனால் அந்த வரியை மட்டும் அடித்துவிடுங்கள். நான் வேலை தெரிந்தவன்.